பாட்டி நீட்டிய கையில் பேரன் 'ஹை-ஃபைவ்' அடித்தான்

கேள்வி: நான் விருதுநகர்க்காரன். மணிலாவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. மனைவி பிலிப்பினோ, பத்தாங்காஸ் மாகாணத்து லிபா ஊர்க்காரி. கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மண்டலுயோங்கில் ஓர் உயரமான கட்டடத்தில் குடியிருக்கிறோம். பிள்ளைகளை யாயா, அதாவது வீட்டோடு இருக்கும் பணிப்பெண்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் லிபாவுக்குப் போனோம். மாமியார் வழக்கப்படி கையை நீட்டினார். அதை எடுத்து நெற்றியில் ஒற்றி 'மானோ போ' சொல்ல வேண்டிய என் மகன், 'ஹை-ஃபைவ்' அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. சாப்பாட்டின்போது அவர் என் மகளிடம், "உன் அம்மா உனக்காக ராத்திரி முழுக்க முழித்து உழைக்கிறாள், நீ பெரியவளாகி அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். "நான் கேட்டேனா?" என்றாள் மகள். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி அழுதாள். இத்தனைக்கும் பள்ளியில் நன்னடத்தைப் பாடத்தில் மகள் நல்ல மதிப்பெண். வீட்டில் யாயாவைக் கத்துகிறாள். பிள்ளைகளை ஒரு வருடம் லிபாவில் விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. பிலிப்பினோப் பழக்கங்கள் என் பண்பாடும் இல்லை. இதில் நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? எனக்கு அந்த உரிமை இருக்கிறதா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உரிமை இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மருமகன் நீங்கள், அந்தப் பிள்ளைகளின் அப்பா. மருமகன் மாமியாருக்கு மானோ செய்வது அங்கே சாதாரண விஷயம். நீங்கள் செய்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கை குலுக்கிவிட்டோ தலையசைத்துவிட்டோ உள்ளே போகிறவராக இருந்தால், அடுத்த முறை வாசலில் முதல் ஆளாக நீங்கள் குனிந்து அவர் கையை எடுத்து நெற்றியில் வையுங்கள். "காஆவாஆன் கா நங் தியோஸ்" என்பார், கடவுள் உனக்கு இரங்கட்டும் என்று. நிமிர்ந்து நின்று அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையன் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பிடரியில் கை வைத்து அழுத்த வேண்டாம். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நாலு பேர் முன்னால் முதுகில் தட்டித் தள்ளப்பட்ட அனுபவம் நம் ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் உண்டு. அதில் எவ்வளவு மரியாதை இருந்தது, எவ்வளவு கூச்சம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறு வயதுக்காரன் அவமரியாதை செய்யவில்லை. ஒரு கை நீண்டது, நீண்ட கைக்கு அவனுக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்தான். அவனுக்கு அந்தப் பதில் ஏன் தெரியவில்லை என்பதுதான் விஷயம். லிபா மாதிரி ஊர்களில் உங்கள் மாமியார் சிறுமியாக இருந்த காலத்தில் மாலை ஆறு மணிக்குக் மாதா கோயில் மணி அடிக்கும். 'ஒரசியோன்' என்று அந்த வேளைக்கே பெயர். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். செபம் முடிந்ததும் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று வரிசையாகக் கையை எடுத்து ஒற்றிக்கொள்ள வேண்டும். தினமும் நடந்தது, அதனால் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? மனைவி ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். நீங்கள் எட்சா சாலை நெரிசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். பிள்ளைகளும் யாயாவும் ஒரு திரையும் மட்டும் வீட்டில். ஒற்றிக்கொள்ளக் கையே இல்லாத வீட்டில் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஆகவே உங்கள் இருவர் கையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் வேலை முடிந்து கதவைத் திறந்து நுழைகிற நேரம், மனைவி இரவு வேலைக்குக் கிளம்புகிற நேரம், இந்த இரண்டு போதும். பெற்றோருக்கும் மானோ செய்கிற குடும்பங்கள் மணிலாவிலேயே நிறைய இருக்கின்றன. பிள்ளை கையை ஒற்றிக்கொண்டதும் பதிலுக்கு ஏதாவது சொல்லுங்கள். மனைவி தகாலோகில் சொல்லட்டும். நீங்கள் "நல்லாயிரு" என்று தமிழில் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. தொடங்கிய கொஞ்ச நாளில் மறந்துபோகும், அப்புறம் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். மானோ இல்லை, மகளின் துடுக்குப் பேச்சும் இல்லை. "வீட்டில் யாயாவைக் கத்துகிறாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

பிலிப்பைன்ஸில் 2020-இல் வந்த ஒரு சட்டம் நன்னடத்தைப் பாடத்தைப் பள்ளிகளில் தனிப் பாடமாக மறுபடி கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் "பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும்?" என்ற கேள்விக்குச் சரியான விடையை வட்டமிடுவதற்கும், சட்டை இஸ்திரி போடத் தாமதமான யாயாவிடம் காலை ஆறரை மணிக்கு எப்படிப் பேசுகிறோம் என்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பள்ளி கடக்க முடியாது.

பிலிப்பினோ மதிப்பீடுகள் என்றதும் பலர் ஒரு பட்டியல் சொல்வார்கள்: ஹியா என்கிற கூச்ச உணர்வு, உத்தாங் நா லோப் என்கிற நன்றிக்கடன், பகிகிசாமா என்கிற ஒத்துப்போகும் குணம். 1960-களில் அத்தேனேயோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஃபிராங்க் லிஞ்ச் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்தக் கோணத்தில் எழுதியவை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. அதற்கு மறுப்பாக, 1970-களில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் விர்ஹீலியோ என்ரிக்கேஸ் வேறொன்று சொன்னார். இவையெல்லாம் மேலே தெரிபவை, அடியில் இருப்பது 'கப்வா' என்றார். எதிரில் இருக்கிறவரும் நானும் ஒன்றே என்கிற உணர்வு அது. சொந்தக்காரராக இருந்தாலும் சரி, தெருவில் போகிறவராக இருந்தாலும் சரி. பிலிப்பினோ உளவியல் என்று ஒரு துறையே அவரிடமிருந்து கிளைத்தது. குடும்ப ஆலோசகராக மணிலாக் குடும்பங்களோடு வேலை செய்தபோது எனக்கு மிகவும் உதவிய கருத்து இதுதான். பாட்டிக்கு மானோ செய்துவிட்டு யாயாவை விரட்டுகிற பிள்ளையிடம் கப்வா இல்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

பிள்ளைகள் இதை வாயால் சொன்னதிலிருந்து கற்பதில்லை, வீட்டின் ஏற்பாட்டிலிருந்து கற்கிறார்கள். உங்கள் வீட்டை ஒருமுறை நீங்களே சுற்றிப் பாருங்கள். யாயா எப்போது சாப்பிடுகிறார், எங்கே உட்கார்ந்து? உங்கள் தட்டில் இருப்பதே அவர் தட்டிலும் இருக்கிறதா? சாப்பிடும்போது யார் வந்தாலும் "காயின் தாயோ", வாருங்கள் சாப்பிடலாம் என்று கூப்பிடுவது அந்த நாட்டின் மிக அழகான பழக்கம். வழிப்போக்கரைக்கூடக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருவரை யாரும் கூப்பிடாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு எது பாடமாகும்? அவர் வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு எடுக்கிறாரா? 2013-இல் வந்த 'பத்தாஸ் கசம்பஹாய்' சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு, தினம் எட்டு மணி நேர ஓய்வு, மூன்று வேளை உணவு, பதின்மூன்றாம் மாதச் சம்பளம், சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பதிவு எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இதெல்லாம் சரியாக நடக்கிற வீட்டில் "யாயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்று நம் தட்டை நாம் கழுவுகிறோம்" என்று சொல்ல முடியும். மகளுக்கு அது எந்தப் பாடப்புத்தகத்தையும் விடப் பெரிய பாடம்.

அவர் பெயரோடு 'ஆத்தே' சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். அக்கா என்பதுபோல. கத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஆனால் யாயாவின் முன்னால் நீண்ட பிரசங்கம் வேண்டாம். அது அவருக்கும் சங்கடம். "திரும்பவும் கேள், 'போ' சேர்த்துக் கேள்" என்று மட்டும் சொல்லுங்கள். ('போ' தகாலோகில் பேச்சோடு சேர்க்கும் மரியாதைச் சொல், நம் 'ங்க' போல.) கேட்டு முடித்ததும் விஷயத்தை விட்டுவிடுங்கள். ஒன்று முக்கியம்: நீங்களும் மனைவியும் அவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? இரவு வேலை முடிந்து தூக்கமில்லாமல் வந்து நிற்கிறவருக்குப் பொறுமை குறைவாக இருப்பது இயல்பு. மகள் அந்தக் குரலைத்தான் திருப்பிப் பேசுகிறாளோ என்று பாருங்கள்.

அடுத்தது, "நான் கேட்டேனா?"

கேட்டவர்களுக்கு நெஞ்சில் தைக்கும். மனைவி அழுததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணின் காதில் பாட்டி சொன்னது எப்படி விழுந்திருக்கும் என்றும் பாருங்கள். அம்மா தூங்காமல் இருப்பதற்குக் காரணம் நீ, அதை நீதான் அடைக்க வேண்டும் என்று விழுந்திருக்கும். அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு பிள்ளை இரண்டு விதமாகத்தான் எதிர்கொள்ளும். ஒன்று, பேசாமல் சுமக்கும். இல்லை, தூக்கி எறியும். உங்கள் மகள் எறிந்தாள். பேசாமல் சுமக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

உத்தாங் நா லோப் அந்த நாட்டையே தாங்கிப் பிடிக்கிற ஒரு உணர்வு. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் 2023-இல் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். தம்பியின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மருந்து, கூரைத் தகரம் எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதை லேசாக எடைபோட எனக்கு மனமில்லை. அதே சமயம், அந்தக் கடன் எங்கே முடிகிறது என்ற கேள்வி அங்கேயே பலமாக எழுந்திருக்கிறது. 2025-இல் செனட்டர் பன்ஃபிலோ லாக்சன், வயதான பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை வளர்ந்த பிள்ளைகள் மீது சட்டமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது பெரிய விவாதம் கிளம்பியது. பிள்ளைகள் பெற்றோரின் ஓய்வூதியத் திட்டமா என்று இளையவர்கள் கேட்டார்கள். உங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே அவளை நன்றிகெட்டவள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நன்றியைக் கணக்காகச் சொல்லாமல் கதையாகச் சொல்லுங்கள். உங்கள் மனைவி எப்படிப் படித்தார், யார் கட்டணம் கட்டினார்கள், எந்தச் சித்தி எதை விற்றார், மணிலாவுக்கு முதலில் வந்தபோது யார் வீட்டில் தங்கினார், அந்த வீட்டில் எத்தனை பேர் ஒரே அறையில் தூங்கினார்கள்? மகளுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். கதையின் கடைசியில் "அதனால் நீயும்..." என்று ஆரம்பிக்க வேண்டாம். சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அப்புறம் லிபாவுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பாட்டிக்கான பசலுபோங்கை, ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிற பண்டத்தை, மகளே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் கடைசி நேரத்தில் பேருந்து நிலையத்தில் ஒரு டப்பா வாங்கி அவள் கையில் திணிப்பதில் பயனில்லை. பாட்டிக்கு என்ன பிடிக்கும், போன தடவை கொண்டுபோனதை அவர் சாப்பிட்டாரா, எடுத்து வைத்துவிட்டாரா என்று அவள் யோசிக்க வேண்டும். இன்னொருவர் மனதை ஊகித்து நடப்பதை அங்கே பெரிய குணமாக மதிப்பார்கள்.

இன்னொன்று. ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி நீங்களும் மனைவியும் வாக்குவாதம் செய்வதுண்டா? உண்டென்றால் பிள்ளைகள் காதில் விழாமல் செய்யுங்கள். அம்மா வீட்டுக்குக் கொடுப்பது சண்டைக்குரிய விஷயம் என்று கேட்டு வளர்கிற பெண்ணிடம் நன்றிக்கடனைப் பற்றிப் பேசிப் பலனில்லை.

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதே கேள்வியோடு வருகிற பிலிப்பினோக் குடும்பங்களில் 'சினேலாஸ்', அதாவது செருப்பால் அடிக்கிற பேச்சு வராமல் இருப்பதில்லை. எதிர்த்துப் பேசுகிற பிள்ளையை 'பிலோசோபோ' என்று ஏளனம் செய்வதும், "நாகாகாஹியா கா", உன்னால் மானம் போகிறது என்பதும் அடியைவிட ஆழமாகப் போகும். இரண்டும் வேண்டாம். கூச்சப்பட வைத்துக் கற்பித்த மரியாதை, கூச்சப்பட ஆள் இல்லாத இடத்தில் காணாமல் போய்விடும்.

மொழி பற்றி. வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்றால் 'போ', 'ஓப்போ' எங்கே உட்காரும்? யாயாவும் அம்மாவும் பிள்ளைகளோடு தகாலோகிலேயே பேசட்டும், நீங்கள் தமிழில் பேசுங்கள். ஆங்கிலம் பள்ளியில் தானாக வந்துவிடும். (இந்தக் கடிதத்தைப் படிக்கிற செபு, இலோய்லோ பக்கத்துத் தமிழ் மருமகன்களுக்கு ஒரு குறிப்பு: அங்கத்திய மொழிகளில் 'போ' இயல்பாகக் கிடையாது. மரியாதை உறவுப்பெயரிலும் குரலிலும் இருக்கும். உங்கள் பிள்ளைகள் 'போ' சொல்லவில்லை என்று மணிலாக்காரர் யாராவது முகம் சுளித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நகரத்தில் இதெல்லாம் சாத்தியமில்லை என்று மனைவி நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு விடுமுறை நாளில் டாக்சியை விட்டுவிட்டு ஜீப்னியில் பிள்ளைகளை ஏற்றுங்கள். பின்பக்கமாக ஏறி, நீளப் பலகையில் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் "பாயாத் போ" என்று காசை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு. முன்பின் தெரியாத ஏழெட்டுக் கைகள் மாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒரு காசும் குறையாது. உங்கள் மகனை நடுவில் உட்காரவையுங்கள். அவன் கைக்கும் காசு வரும், கடத்திவிடுவான். கப்வாவை இதைவிட நேராக அவனுக்குக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது, அதுவும் ஒன்றேகால் கோடிக்கும் அதிகமான பேர் வாழ்கிற பெருநகரின் நடுவில்.

மகளுக்கு 2021 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கேசோன் சிட்டியின் மகின்ஹாவா தெருவில் ஆனா பட்ரீசியா நோன் என்ற இளம்பெண் ஒரு சிறிய வண்டியில் அரிசி, காய்கறி, டப்பா உணவு வைத்தார். முடிந்ததைக் கொடு, தேவையானதை எடுத்துக்கொள் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினார். சில நாட்களில் நாடு முழுவதும் அப்படிப்பட்ட வண்டிகளும் மேசைகளும் முளைத்தன. பயனிஹான், அதாவது ஊரே கூடி உதவுவது, என்றால் மூங்கில் கம்புகளில் குடிசையைத் தூக்கிப்போகிற பழைய படம் மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரியும். உங்கள் கட்டடத்திலேயே செய்வதற்கும் வேலை இருக்கும். காவலாளியின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா? டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்கு, சிம்பாங் கபிக்கு, போவார்கள். பல கோயில்களில் மாலைப் பூசையும் உண்டு. உங்கள் மதம் எதுவாக இருந்தாலும் ஒரு நாளாவது குடும்பத்தோடு போய், வெளியே சுடச்சுட பிபிங்கா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒன்பது நாளும் விடாமல் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரவு ஷிஃப்ட் பார்க்கிற மனைவி நொந்துபோவார்.

கடைசியாக, ஒரு வருடம் லிபாவில் விடுவது. வேண்டாம். ஆறு வயதில் அம்மா அப்பாவை விட்டு அனுப்புவதை அவன் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான், ஹை-ஃபைவ் அடித்ததற்கான தண்டனையாக. அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்க, பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் அந்த நாட்டில் ஏராளம். அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் ஏப்ரல், மே விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் அனுப்புங்கள். நீங்கள் இருவரும் கூடவே நின்று "மானோ செய், போ சொல்லு" என்று திருத்திக்கொண்டிருக்காமல் விட்டுவிட்டு வாருங்கள். மாமியாரிடம் மட்டும் தனியாகப் பேச வேண்டும், அதை மனைவிதான் செய்ய வேண்டும். "நல்ல பழக்கம் சொல்லிக்கொடு அம்மா" என்று கேட்க வேண்டாம். கேட்டால் அவர் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார். வேலை கொடுக்கச் சொல்லுங்கள். கோழிக்குத் தீனி போட, பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோய்க் கொடுக்க, திரும்பி வரும்போது காலிக் கிண்ணத்தில் அவர்கள் போட்டுத் தருவதை வாங்கிவர. காலையில் பத்தாங்காஸ்காரர்கள் சோற்றில் பராக்கோ காப்பியை ஊற்றிச் சாப்பிடுவார்களே, அந்தத் தட்டைப் பையன் முன்னாலும் வைக்கட்டும். காப்பியைக் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மகள் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று மனைவி உங்களிடம் கேட்டிருப்பார், அல்லது கேட்பார். கேட்கத்தான் வேண்டும், ஆனால் போனில் உங்கள் முன்னால் ஒப்பிக்கிற மன்னிப்பு வேண்டாம். முதலில் மனைவி மகளோடு தனியாக உட்காரட்டும். "நான் ராத்திரி வேலைக்குப் போவது நீ கேட்டதால் இல்லை. நீ அடைக்க வேண்டிய கடனும் எதுவும் இல்லை. ஆனால் நீ சொன்னது பாட்டிக்கு வலித்தது, எனக்கும் வலித்தது" என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு அடுத்த பயணத்தில் மகளுக்கே பாட்டியிடம் போகத் தோன்றும். தோன்றாவிட்டால் நீங்கள் கூடப் போங்கள். அதற்குப் பிறகும் மூன்று நான்கு மாதங்கள் யாயாவிடமும் அம்மாவிடமும் அதே கோபம் தொடர்ந்தால், அது பண்பாட்டுப் பிரச்சினையாக இருக்காது. அம்மாவை ராத்திரியில் பார்க்க முடியாத ஏக்கமாக இருக்கலாம். அப்போது மனைவியின் ஷிஃப்டை மாற்ற வழி இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள், மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.